இணையவழிப் பாடத்தளத்தில் வாங்கற்கூடை: பணம் கழிந்தும் பாடம் திறக்காதது ஏன்?

சென்னையையும் அந்தமான் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டிற்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வடம், அதுவரை செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்த தீவுகளில் காணொலி வகுப்புகளுக்கு வழிதிறந்தது. ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்னைய போர்ட் பிளேர்) இருந்துகொண்டு கார் நிக்கோபார் மாணவருக்கும் சென்னை மாணவருக்கும் ஒருங்கே பாடம் நடத்த இன்று இயலும். அவ்வாறு பாடத்தளம் நடத்தும் வாடிக்கையாளர்கள் தங்கள் தளத்தில் வாங்கற்கூடையைச் சேர்க்கும்பொழுது கவனிக்க வேண்டியவற்றை இங்கே விளக்க விழைகிறோம்.

ஒரு தாய் மூத்த மகளுக்கு இயற்பியல் பாடமும், இளைய மகனுக்குக் கணிதப் பாடமும், அச்சிட்ட வினாவங்கி ஒன்றும் வாங்குவதாகக் கொள்வோம். கூடை இல்லாத தளத்தில் அவர் மூன்று முறை பணம் செலுத்த வேண்டும். பலரும் பயன்படுத்தும் மூடில் மென்பொருளில் கட்டணம் செலுத்திச் சேரும் வசதி உண்டு. ஆயினும் அது பாடத்திற்குப் பாடம் தனித்தனியே நிகழ்வது. ஆகவே கூடைக்கெனத் துணைநிரல் ஒன்றையோ, வூகாமர்ஸ் போன்ற கடை மென்பொருளையோ இணைக்க வேண்டியுள்ளது.

கூடை என்பது அடிப்படையில் நினைவாற்றலே. இணையப் பக்கத்திற்கு இயல்பாக நினைவு கிடையாது. அக்குறையைப் போக்க நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி 1994ஆம் ஆண்டு உருவாக்கியதே ‘குக்கி’. அதற்குத் தூண்டுகோலாக இருந்ததும் வாங்கற்கூடைதான். இன்று கூடையை மாணவரின் கணக்கோடு பிணைத்துத் தளத்தின் சர்வரிலேயே வைப்பது நலம். விலையையும் சர்வரே கணக்கிட வேண்டும். வாங்குபவரின் திரையிலிருந்து வரும் தொகையை அப்படியே ஏற்கும் தளத்தில், விஷமி ஒருவர் ஒரு ரூபாய்க்கு முழுப் பாடத்தையும் பெற்றுவிடக்கூடும்.

பெரும்பாலான மனக்கசப்புகள் எழுவது அடுத்த கட்டத்தில்தான். பணம் செலுத்தப்பட்ட செய்தி தளத்தை இரு வழிகளில் அடைகிறது. ஒன்று, வாங்குபவரின் உலாவி திரும்பி வரும் வழி. மற்றொன்று, பேமென்ட் நிறுவனத்தின் சர்வர் தளத்தின் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் செய்தி. முதல் வழியை மட்டும் நம்பி அமைத்த தளத்தில், பணம் கழிந்த அந்தக் கணத்தில் சிக்னல் அறுந்தால் பாடம் திறக்காது. பதறிப்போன பெற்றோர் மீண்டும் செலுத்துவர். ஆகையால் நேரடிச் செய்தியைச் சரிபார்த்த பின்னரே பாடம் திறக்கப்பட வேண்டும். ஒரே ஆர்டர் எண்ணுக்கு அச்செய்தி இருமுறை வந்தாலும் ஒருமுறையே பதிவாக வேண்டும்.

2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கணக்கில் பணம் கழிந்தும் வணிகருக்கு உறுதிச்செய்தி சேராவிடில், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தொகை தானாகவே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் உறுதிச்செய்தி வந்துசேர்ந்த பின்னும் தளம் பாடத்தைத் திறக்கவில்லையெனில், அப்பொறுப்பு தளம் நடத்துபவருடையது. இவ்வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. கோபம் வங்கிக் கிளையின் மேல் திரும்புகிறது!

பேமென்ட் நிறுவனம் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றதா என்பதை முதலில் பாருங்கள். அட்டை எண்களைத் தளத்தில் சேமிக்க அனுமதியில்லை. நாளின் விற்பனை முழுவதும் கட்டணம் கழித்து ஒரே தொகையாக உங்கள் கணக்கில் வரவாகக்கூடும்; எனவே தீர்வு அறிக்கையைத் தரவிறக்கி ஆர்டர் எண்களோடு ஒப்பிடும் பழக்கம் வேண்டும்.

சேவை வழங்குவோரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இணையவழிப் பாடத்திற்கு 18 சதவீத வரி. அச்சு நூலுக்கு வரியில்லை. இரண்டையும் ஒரே விலையில் கட்டி விற்றால் முழுத்தொகைக்கும் உயர்ந்த விகிதம் பொருந்த நேரலாம். ஆகவே கூடையில் தனித்தனி வரிகளாகவே காட்டுங்கள். தீவுகளுக்குள் விற்றால் மத்திய வரி, யூனியன் பிரதேச வரி. சென்னைக்கு விற்றால் ஒருங்கிணைந்த வரி. எனவே வாங்குபவரின் மாநிலத்தைக் கூடை கேட்டாக வேண்டும்.

தளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ரூபாய் விலையில் மாதிரிப் பாடம் ஒன்றை வைத்து, யுபிஐயில் பணம் சென்ற உடனேயே கைபேசியின் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து வேறொரு கணினியில் அதே மாணவர் கணக்கில் நுழைந்து, பாடம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.