வைத்த இடமும் பெயர்த்த பொருளும்: ஹாலே நகர அருங்காட்சியகங்கள்

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், சாலே ஆற்றங்கரையில் அமைந்த ஹாலே, உப்பு ஊற்றுநீரைக் காய்ச்சிச் செல்வம் சேர்த்த பழைய நகரமாகும். இசைமேதை ஹேண்டல் 1685-இல் பிறந்த வீடு இங்கே அருங்காட்சியகமாகப் பேணப்படுவதால், இசை அன்பர்கள் பெரும்பாலும் அதைத் தேடியே வருகின்றனர். எனினும், ஒரு பழம்பொருள் தன் இடத்தை இழக்கும்போது அதனுடன் எவ்வளவு அறிவு அழிகிறது, இடமும் குறிப்பும் காக்கப்படும்போது எவ்வளவு எஞ்சுகிறது என்ற இரண்டையும் ஒரே நாளில் கண்டுணர வாய்ப்பளிப்பதே இந்நகரின் தனிச்சிறப்பு.

அழிவுக்குச் சான்று, மாநிலத் தொல்வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள நெப்ரா வான்தட்டு. ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள இந்த வெண்கலத் தட்டில் ஒரு முழு வட்டமும் பிறையும் விண்மீன்களும் பொன்தகட்டால் பதிக்கப்பட்டுள்ளன. நெருங்கி நோக்கினால், வட்டத்துக்கும் பிறைக்கும் இடையே ஏழு புள்ளிகள் மட்டும் கொத்தாக நிற்பது புலப்படும். சங்கப் புலவர்கள் அறுமீன் என்று அழைத்த கார்த்திகைக் கூட்டமே அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைக்கப்பட்ட இத்தட்டை, உலோகம் காட்டும் கருவியுடன் திரிந்த புதையல் திருடர்கள் 1999-இல் நெப்ரா ஊருக்கு அருகே ஒரு குன்றில் தோண்டி எடுத்தனர். அவர்களுடைய வெட்டுக்கருவி பட்டு விளிம்பு சிதைந்த வடு இன்றும் தெரிகிறது. 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காவல்துறை அதை மீட்டபின், ஒட்டியிருந்த மண்ணை அக்குன்றின் மண்ணோடு ஒப்பிட்டுத்தான் அது கிடைத்த இடத்தை உறுதிசெய்ய முடிந்தது. தட்டு எந்த நிலையில், எவற்றோடு சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்தது என்பதற்கு முறையான அகழாய்வுக் குறிப்பு இல்லாமையால், திருடியவர்களின் வாக்குமூலத்தையே நம்ப வேண்டியுள்ளது.

இதற்கு நேர்மாறான காட்சி ஃபிராங்கே அறக்கட்டளை வளாகத்தில் உள்ளது. சடங்கைவிட உள்ளத்துப் பக்தியையும் ஒழுக்கத்தையும் முதன்மையாகக் கொண்ட பயட்டிசம் என்ற லுத்தரன் சீர்திருத்த இயக்கத்தைச் சேர்ந்த அகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, 1698-இல் இங்கே அனாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். பிள்ளைகள் படைப்பின் விரிவைக் கண்ணால் கண்டு கற்கவேண்டும் என்று அவர் திரட்டத் தொடங்கிய பொருள்களே, அவர் மறைவுக்குப் பின், அவ்வில்லத்தின் கூரையடி மாடத்தில் ‘விந்தைப்பொருள் அறை’யாக உருப்பெற்றன. அருங்காட்சியகங்கள் பெருகுவதற்கு முன், இயற்கைப் பொருள்களையும் மனிதர் கைவினையையும் ஒருங்கே வைத்த கூடத்துக்கு ஐரோப்பாவில் வழங்கிய பெயர் அது. ஓவியர் கிரண்ட்லர் 1741-ஆம் ஆண்டளவில் அவற்றை வகைபிரித்து முடித்து, அலமாரிகளின் உச்சியில் உள்ளிருக்கும் பொருளை உணர்த்தும் ஓவியங்களையும் தீட்டினார். எழுத்தறியாத சிறுவனும் எதை எங்கே தேடுவது என்று அறிந்துகொள்ள இது போதும். உத்தரத்தில் முதலை தொங்க, சுவரோரம் 16 அலமாரிகள் நிற்க, ஏறத்தாழ 3,000 பொருள்கள் கொண்ட இந்த அறை, தோன்றிய இடத்திலேயே நிலைத்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனி ஆட்சிக்காலத்தில் வளாகம் பாழடைந்தபோதிலும், 1995-இல் அறை சீரமைக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது.

தமிழர் நெடுநேரம் நிற்கவேண்டிய இடமும் இதுவே. ஹாலேயில் சில காலம் பயின்று, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கும் அவர் வழிவந்தோரும் இங்கே பொருள்களையும் ஓலைச்சுவடிகளையும் அனுப்பினர். அவையும் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவைதான். ஆனால் அவற்றைப் பற்றி எழுதப்பட்ட கடிதங்களும் நாட்குறிப்புகளும் அதே வளாகத்தின் ஆவணக்காப்பகத்தில் இருப்பதால், வான்தட்டு இழந்த பின்னணியை இவை இழக்கவில்லை. தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டன. அவை அளவில் பெரியனவாக இருந்து தாளை மிகுதியாகத் தின்றதால், பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன என்ற செய்தி, அன்றைய அச்சுத் தொழிலின் இடர்ப்பாட்டைக் கண்முன் நிறுத்துகிறது. மலையப்பன் என்ற தமிழரை உடன் அழைத்துக்கொண்டு ஐரோப்பா சென்ற சீகன்பால்க், லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716-இல் இந்நகரில் அச்சிட்டார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலோ, 1867-இல் சென்னையில் அச்சேறும்வரை கையெழுத்துப் படியாகவே கிடந்தது. தமிழரின் சமய வாழ்வைத் தமிழரிடமே கேட்டறிந்து எழுதிய நூல் ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது பெருங்குறையே.

1728-இல் கட்டி முடிக்கப்பட்ட வளாக நூலகத்தில், நாடக மேடையின் பக்கத்தட்டிகளைப் போல அலமாரிகள் வரிசையாக உள்நோக்கி நீள்கின்றன. ஹாலே செல்வோர் வான்தட்டோடு திரும்பிவிடாமல், இந்நூலகத்தையும் கூரையடி மாடத்தையும் கட்டாயம் காணவேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள், ஓலை படிக்கவும் ஜெர்மன் படிக்கவும் பயின்ற மாணவர்களை இக்காப்பகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். சுவடியையும் அதனுடன் சென்ற கடிதத்தையும் சேர்த்துப் படிப்பதற்கு அவ்விரு பயிற்சியும் தேவை.