இயந்திரமும் மனச்சான்றும்



ஆபேலைக் கொன்ற காயினிடம் கடவுள் கேட்டது அவன் சகோதரனைப் பற்றித்தான். காயின் நழுவப் பார்த்தான். கேள்வி அவனை விடவில்லை. இன்று வாக்குகளை எண்ணுவதும் போர்க்களத்தில் இலக்கைத் தேடுவதும் இயந்திரங்கள். நாளை அதே கேள்வி எழுந்தால், இயந்திரமா பதில் சொல்லும்?

1983 செப்டம்பர் 26, பனிப்போர்க் காலம். மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கண்காணிப்பு நிலையத்தில் நள்ளிரவு கடந்து அபாய ஒலி எழுந்தது. அமெரிக்காவிலிருந்து 5 ஏவுகணைகள் புறப்பட்டுவிட்டதாகக் கணினி அறிவித்தது. பணியிலிருந்த சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதை அப்படியே நம்பிவிடவில்லை. 'அணு ஆயுதப் போரை வெறும் 5 ஏவுகணைகளோடு யாராவது தொடங்குவார்களா?' என்று யோசித்தார். தவறான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குத் தெரிவித்தார். அவர் கணித்தது சரி. மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணையாகக் காட்டியிருந்தது. கணினி விரைந்து அறிவித்தது; நின்று யோசிக்க ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

வாக்குச்சாவடிக்கும் இது பொருந்தும். ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல், அங்கே பயன்படுத்தப்பட்ட மின்னணு வாக்கு இயந்திரங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. வாக்குப்பதிவின் முக்கியப் படிகளைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமக்களும் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே காரணம். நம் நாட்டில் பொத்தானை அழுத்தியதும், நாம் வாக்களித்த சின்னத்தோடு ஒரு சீட்டு கண்ணாடி வழியே 7 விநாடிகள் தெரிகிறது. நம் கண்ணாலேயே சரிபார்ப்பதற்கான ஏற்பாடு அது.

2024 ஜூனில் இத்தாலியில் நடந்த ஜி7 மாநாட்டில் திருத்தந்தை பிரான்சிஸ், மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த இயந்திரமும் எடுக்கக் கூடாது என்று வலியுறுத்தினார். ஏனெனில் இயந்திரத்துக்கு மனச்சான்று இல்லை. அது மனம் வருந்தாது, மன்னிப்பும் கேட்காது. உயிர் பறிக்கும் முடிவை அதனிடம் விட்டுவிடுபவர், பிலாத்துவைப்போலக் கைகழுவத் தண்ணீர் தேடுகிறார்.

இயந்திரங்களை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அவை நம் கைக்கு உதவட்டும்; நம் பொறுப்பை ஏற்க அவற்றால் இயலாது. எனவே, வாக்களிக்கும்போது அந்த 7 விநாடிகள் நின்று சீட்டைப் பார்ப்போம். 'ட்ரோன் தாக்கியது' என்று செய்தி வரும்போது, அதை அனுப்பியவர் யார், இறந்தவர் யார் என்று கேட்போம். இறந்தவரும் நம் சகோதரரே.

நம் மனச்சான்று உறங்கிவிடாதபடி இறைவன் காத்தருள்வாராக!