குரோன் நோய்க்குக் கிருமிதான் காரணமா?

மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, அடிவயிற்று வலி, காரணம் தெரியாமல் குறையும் உடல் எடை. இவற்றை மூலம் என்றும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எண்ணிப் பலர் நாள்களைக் கடத்துகின்றனர். ஆனால், இவை குரோன் நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். இந்நோயில் குடல் சுவர் வீங்கிப் புண்ணாகிறது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதி பாதிக்கப்படுகிறது. பேராக், கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வில், இவ்வகைக் குடல் அழற்சி நோய்கள் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம் காணப்பட்டன.

நோய்க்குக் காரணம் என்ன என்ற கேள்வி நூறாண்டுக்கும் மேல் பழையது. 1895-இல் ஜெர்மனியில் யோனே என்பவர் மாடுகளைத் தாக்கும் ஒரு குடல்நோயை விவரித்தார். மாடு தொடர்ந்து கழியும், மெலியும்; அதன் குடல் தடித்துப்போகும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்றே அதற்குக் காரணம். 1913-இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டால்சீல், மனிதர்களிடமும் அதே போன்ற குடலைக் கண்டு எழுதினார். 1932-இல் நியூயார்க் மருத்துவர் குரோனும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயை விளக்கமாக வெளியிட, அவர் பெயரே நிலைத்தது.

1984-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குரோன் நோயாளிகள் சிலரின் குடலிலிருந்து அந்த மாட்டுக் கிருமியை வளர்த்துக் காட்டியதும் சந்தேகம் வலுத்தது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என நம்பப்பட்ட காலத்தில், அதற்குக் கிருமிதான் காரணம் என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் நிரூபித்து 2005-இல் நோபல் பரிசும் பெற்றனர். குரோன் நோயிலும் அப்படி நடக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால், சான்றுகள் ஒரே பக்கம் சாயவில்லை. அந்தக் கிருமி எல்லா நோயாளிகளிடமும் இல்லை. நோயில்லாத சிலரிடமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 213 நோயாளிகளுக்கு அதைக் கொல்லும் மருந்துகளை இரண்டு ஆண்டுகள் கொடுத்துச் சோதித்தனர். தொடக்கத்தில் தெரிந்த பலன் நீடிக்கவில்லை என்று 2007-இல் முடிவு வந்தது. 2018-இல் வெளியான வேறொரு சோதனையில், 26 வாரங்களில் மருந்து எடுத்தவர்களில் 37 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் நோய் தணிந்தது. பலன் உண்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை.

கிருமிகளை அடையாளம் காண உதவும் ஒரு மரபணுவில் ஏற்படும் குறை, இந்நோயின் ஆபத்தைக் கூட்டுவது 2001-இல் தெரியவந்தது. பிறவிக் கூறு, குடலில் வாழும் கிருமிகள், புகைபிடித்தல் போன்ற புறக்காரணங்கள் மூன்றும் சேர்ந்து நோயை உண்டாக்குகின்றன என்பதே இன்று பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து.

நம் நாட்டில் முதலில் கவனிக்க வேண்டிய கிருமி வேறு. குடலில் வரும் காசநோயும் பார்வைக்குக் குரோன் நோய் போலவே இருக்கும். பெரும்பாலும் அதே இடத்தைத்தான் தாக்கும். காசநோயைக் குரோன் எனத் தவறாக எண்ணி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால், அது உடல் முழுவதும் பரவக்கூடும். அதனால்தான் மருத்துவர் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்து, நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்கிறார். குடும்பத்தில் யாருக்காவது காசநோய் வந்திருந்தால், அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

குரோன் நோய் வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது; நோயாளிக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கத் தேவையில்லை. பாலைக் கைவிடவும் வேண்டாம். கறந்த பாலானால் நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம். கிருமிதான் காரணம் என்று கேள்விப்பட்டு, கொடுத்த மருந்தை நிறுத்துவதும், கடையில் ஆண்டிபயாடிக் வாங்கி விழுங்குவதும் ஆபத்து. மலத்தில் இரத்தம், தொடர் காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் கிளினிக்குச் செல்வதே நல்லது.