வயலிலிருந்து ஒலிநாடாவிற்கு

நாட்டுப்புறப் பாடலுக்கு ஏடு இல்லை. பாடுபவரின் நினைவே அதன் ஏடு. பாடிய மூதாட்டி மறையும்போது பாடலும் மறைகிறது. இவ்விழப்பைத் தடுக்க முனைந்த கணவன் மனைவி இணையர், மதுரையைச் சேர்ந்த நவநீதகிருஷ்ணனும் விஜயலட்சுமியும் ஆவர். விஜயலட்சுமி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலைப் பேராசிரியராகப் பணியாற்றியவர். இருவரும் ஊர் ஊராகச் சென்று தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி ஆகியவற்றைத் தொகுத்தனர். தொகுத்ததோடு நில்லாமல், தாமே மேடையில் பாடி ஒலிநாடாக்களாகவும் வெளியிட்டனர். விஜயலட்சுமிக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பாடல்கள் மறைவதற்கு முதுமை மட்டும் காரணம் அன்று. ஏற்றப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். கிணற்று நீரை இறைக்கும் நீண்ட மரக்கருவி ஏற்றம். ஒருவர் அதன்மேல் முன்னும் பின்னும் நடப்பார். மற்றொருவர் கீழே நின்று சாலில் வரும் நீரை வாய்க்காலில் கவிழ்ப்பார். அடி பிசகினால் மேலே நடப்பவர் விழ நேரிடும். ஆகவே பாட்டு தாளம் காத்தது. எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கையும் காத்தது. அதிகாலையில் இப்பாட்டின் ஓர் அடியைக் கேட்ட கம்பர், அடுத்த அடிக்காக மறுநாள்வரை காத்திருந்தார் என்பது செவிவழிக் கதை. மின்விசை இறைப்பி வந்தது, ஏற்றம் நின்றது, பாட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஒலிநாடா பாட்டைக் காத்தாலும் அதை மாற்றவும் செய்தது. வயலில் நடவு முடியும்வரை பாட்டு நீளும். 60 நிமிட நாடாவின் ஒரு பக்கமோ 30 நிமிடமே. அதற்குள் பல பாடல்கள் அடங்க வேண்டும். முழுப் பாட்டும் அழிவதைவிடச் சுருங்கிய பாட்டு நிலைப்பது மேல் என்றே கொள்ளலாம்.

அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான முயற்சி நிகழ்ந்தது. 1933இல் ஜான் லோமாக்ஸ், 18 வயதான தம் மகன் ஆலனுடன் தென்மாநிலங்களில் பயணம் செய்து கறுப்பினத் தொழிலாளர் பாடல்களைப் பதிவு செய்தார். ஒருவர் பாட மற்றவர் எதிர்பாடும் அப்பாடல்கள், 'புளூஸ்' இசை பிறந்த மண்ணைச் சேர்ந்தவை. நம் நடவுப்பாட்டும் அவ்வாறே பாடப்படுவது.

புரோத்ராபூரில் வாழும் தமிழ்ப் பாட்டி ஒருவரின் தாலாட்டைப் பேரன் இன்று கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். பாடுவதற்கு முன், அவர் தம் பெயரையும் பிறந்த ஊரையும், அப்பாடலை யாரிடம் கற்றார் என்பதையும் தம் குரலிலேயே சொல்லச் செய்தல் வேண்டும். இவை இல்லாத பதிவில் பாடல் இருக்கும், பாடியவர் இருக்கமாட்டார்.