முதலாளிக்குச் சம்பளம் உண்டா? வரிச் சட்டம் சொல்வது தெரியுமா?

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடம். நூல், தறி ஓட்டுபவர் கூலி, கரண்ட் பில் எல்லாம் செலவுக் கணக்கில் ஏறும். ராத்திரி வரை அங்கேயே கிடக்கும் முதலாளியின் சம்பளம்? ஏறாது! தனிநபர் தொழிலில் தனக்குத் தானே சம்பளம் போட்டுக்கொள்ள முடியாது, தெரியுமா?

அதே தறி, அதே ஆள். பிரைவேட் லிமிடெட் என்று பதிந்துவிட்டால் அவர் டைரக்டர். சம்பளம் கம்பெனியின் செலவு! 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுத்த கம்பெனியிடம் 12 லட்சம் லாபமாக நின்றால், சர்சார்ஜ், செஸ் சேர்த்து 3,02,016 ரூபாய் வரி. அதையே டைரக்டர் சம்பளமாக எடுத்து, அவருக்கு வேறு வருமானமும் இல்லை என்றால்? 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் பூஜ்யம்! உடனே கம்பெனி பதிய ஓடாதீர்கள். ஆடிட், கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டறிக்கை என்று தனிச் செலவு இருக்கிறது. வேலைக்கு மிஞ்சிய சம்பளம் என்று தோன்றினால் அதிகாரி வெட்டவும் செய்வார்.

அண்ணன் தம்பி கூட்டு நிறுவனமா? ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தால், நஷ்ட வருஷத்திலும் உழைக்கும் பங்குதாரர்களுக்கு எல்லாருமாகச் சேர்த்து 3 லட்சம் வரை சம்பளம் கழிக்கலாம்! 2024 பட்ஜெட்டுக்கு முன் இது ஒன்றரை லட்சம்தான்.

இனி நஷ்டம். தொழில் நஷ்டத்தை 8 வருஷம் சுமந்து பின்னால் வரும் லாபத்தில் கழிக்கலாம். ஆனால் கெடு தேதி தாண்டி ரிட்டர்ன் போட்டால் அந்த உரிமை போச்சு! தறியின் தேய்மானத்துக்கு மட்டும் இந்தக் கெடுவும் இல்லை, 8 வருஷ எல்லையும் இல்லை.

இன்னொன்று. கம்பெனியின் நஷ்டம் கம்பெனியோடு சரி. டைரக்டரின் சம்பளத்தில் அதைக் கழிக்க முடியாது. பங்குகளில் பாதிக்கு மேல் வெளியாளுக்கு விற்றால் பழைய நஷ்டமும் பொதுவாகக் காலி. அப்பா மகனுக்குத் தானமாகக் கொடுத்தால் பாதகமில்லை!

“நஷ்டம்தானே, ரிட்டர்ன் எதுக்கு?” என்று சும்மா இருந்துவிடாதீர்கள். நஷ்டம் வந்த வருஷம்தான் முதல் ஆளாக ஆடிட்டரைப் பார்க்க வேண்டும்.