கொடுத்த ரசீது நிலைக்குமா?

சனிக்கிழமை மாலை. சம்பளம் வந்ததும் செல்போனை எடுத்து, ஊரிலுள்ள தாயாருக்கு 3,000 ரூபாய் அனுப்புகிறார் ஒரு தொழிலாளி. "பணம் அனுப்பப்பட்டது" என்று போன் சொல்கிறது. அவர் நிம்மதியாக டீக்கடைக்குப் போகிறார்.

அந்தச் செய்தி ஒரு ரசீது. அதைக் கொடுத்தது கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அல்ல; எங்கோ ஒரு கட்டிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். ரசீது கொடுத்த மறு விநாடியே அது நின்றுபோனால்? மீண்டும் ஓடத் தொடங்கும்போது, கொடுத்த ரசீதை அது ஒப்புக்கொள்ளுமா?

இதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள்.

மூன்று பேரேடுகள்

முக்கியமான கணக்கை ஒரே கம்ப்யூட்டரை நம்பி விடுவதில்லை. மூன்று அல்லது ஐந்து கம்ப்யூட்டர்களில் ஒரே கணக்கை எழுதி வைக்கிறார்கள். பெரும்பான்மையானவை "எழுதிவிட்டேன்" என்று சொன்ன பிறகே ரசீது போக வேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. ஒன்று விழுந்தால் மற்றவை கைகொடுக்கும்.

ஆனால் கட்டிடத்துக்கே மின்சாரம் நின்றால்? எல்லாம் ஒரே நேரத்தில் விழும்.

சிக்கல் இங்கேதான். "எழுதிவிட்டேன்" என்று சொல்லும் கம்ப்யூட்டர், சில சமயம் தற்காலிக நினைவில் மட்டுமே எழுதியிருக்கும். வட்டில் பதிவது பிறகு. குமாஸ்தா துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, பேரேட்டில் பின்னர் ஏற்றுவது போல. மின்சாரம் நின்றால் துண்டுச் சீட்டு போய்விடும். வட்டில் பதியும்போது வரிசை மாறுவதும் உண்டு. பின்னால் எழுதியது முன்னால் ஏறிவிடும்!

26 ஓட்டைகள்

அமெரிக்காவில் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ராமநாதன் அழகப்பன், ஐஸ்வர்யா கணேசன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் உருவாக்கிய சோதனைக் கருவியின் பெயர் 'பேஸ்'.

கம்ப்யூட்டர்கள் வட்டில் எழுதுவதையும், ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளையும் அது குறித்துக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் எல்லாம் ஒன்றாக விழுந்திருந்தால் வட்டுகளில் என்ன மிஞ்சியிருக்கும் என்று ஒவ்வொரு நிலையாக உருவாக்கும். பிறகு அந்த நிலையிலிருந்து ஓடவிட்டு, ரசீது கொடுத்த கணக்கெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கும்.

ரெடிஸ், சூகீப்பர், மாங்கோடிபி, காஃப்கா உட்பட 8 மென்பொருள்களைச் சோதித்தார்கள். எல்லாம் உலகில் பரவலாகப் பயன்படுபவை. அகப்பட்ட ஓட்டைகள் 26! சிலவற்றில் கணக்கு காணாமல் போனது. சிலவற்றில் கணக்கு கெட்டது. சிலவற்றில் கம்ப்யூட்டர்கள் மறுபடி வேலை செய்யவே மறுத்தன.

ஒரு வகைத் தவறு குமாஸ்தாக்களுக்கு உடனே புரியும். கோப்பில் எழுதியதை வட்டில் பதித்தாகிவிட்டது. ஆனால் கோப்பின் பெயரைப் பட்டியலில் பதிக்கவில்லை. பீரோவில் கோப்பு இருந்தும் பதிவேட்டில் இல்லாவிட்டால், யார் தேடி எடுப்பது?

வேண்டுமென்றே வீழ்த்துதல்

கைல் கிங்ஸ்பரி என்ற அமெரிக்க நிபுணர் 2013-லிருந்து வெளியிட்டுவரும் 'ஜெப்சன்' சோதனைகளின் வழி வேறு. கம்ப்யூட்டர்களை நிஜமாகவே ஓடவிடுகிறார். வேலை நடக்கும்போதே சிலவற்றை நிறுத்துகிறார். சிலவற்றின் தொடர்பைத் துண்டிக்கிறார். கடைசியில் கொடுத்த ரசீதுகளையும் மிஞ்சிய கணக்கையும் ஒப்பிடுகிறார். மாலையில் கல்லாவையும் ரசீதுப் புத்தகத்தையும் ஒத்துப்பார்ப்பதுபோலத்தான். பெயர்பெற்ற பல மென்பொருள்கள் இதில் தவறியிருக்கின்றன. அவற்றில் பல பிறகு திருத்தப்பட்டன.

கம்ப்யூட்டர் விழுவது குற்றமல்ல. "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு மறப்பதுதான் குற்றம்.

நாம் செய்யவேண்டியது

எவ்வளவு சோதித்தாலும் கோளாறே வராது என்று சொல்வதற்கில்லை. அதற்காகத்தான் ரிசர்வ் பாங்கி 2019-ல் ஒரு விதி வகுத்தது. யு.பி.ஐ. மூலம் ஒருவருக்குப் பணம் அனுப்பி, கணக்கில் கழிந்தும் அவருக்குச் சேராவிட்டால், மறுநாளுக்குள் அது தானாகத் திரும்பவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு.

ஆகவே பணம் அனுப்பியதும் அந்தப் பரிமாற்ற எண்ணைக் குறித்து வையுங்கள். இயந்திரம் மறந்தாலும் உங்கள் கையில் ரசீது இருக்கும்.