தனி ஆளாக வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுவது எப்படி?

கோலார் தங்கவயலில் எங்கள் எழுத்தறிவு மையத்துக்கு ஒரு பால்கார மாமா வருகிறார். வயது ஐம்பதுக்கு மேல். மெலிந்த உடம்பு. முன்பு தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். 2001-ஆம் ஆண்டு அதை மூடிவிட்டார்கள். பிறகு பால் வியாபாரம் தொடங்கினார். முதலில் சைக்கிள். இப்போது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

ஒருநாள் மாமா நொண்டிக்கொண்டே வந்தார். வலது கால் பெருவிரலில் கட்டு.

"என்ன மாமா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஸ்டாண்டு போடப் போனேன் டீச்சரம்மா. வண்டி சாய்ந்துவிட்டது. நகம் போச்சு. ஒரு கேன் பாலும் சாக்கடைக்குப் போச்சு."

அதற்கு அவர் சொன்ன காரணம்: "எனக்கு வயசாகிவிட்டது. தெம்பு இல்லை. தினமும் யாராவது ஒரு பையனைக் கூப்பிட்டுத்தான் ஸ்டாண்டு போடுகிறேன். அன்றைக்கு யாரும் இல்லை."

எங்கள் தெருவில் ஒரு மெக்கானிக் கடை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் தம்பியும் ஒல்லியான ஆள்தான். ஆனால் பெரிய புல்லட்டையும் தனியாக ஸ்டாண்டில் ஏற்றுவார். அவரை ஒரு மாலை மையத்துக்கு அழைத்து வந்தோம். அன்று பாடம் வாசலில் நடந்தது. அவர் சொன்னதையும் செய்து காட்டியதையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு ஸ்டாண்டு

மோட்டார் சைக்கிளில் இரண்டு வகை ஸ்டாண்டு உண்டு. ஒன்று சைடு ஸ்டாண்டு. இது இடது பக்கம் இருக்கும். இதைப் போட்டால் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். இன்னொன்று நடுவில் இருக்கும் பெரிய ஸ்டாண்டு. சென்டர் ஸ்டாண்டு என்பார்கள். இதற்கு இரண்டு கால்கள். இதில் ஏற்றினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். பின்சக்கரம் தரையில் படாமல் சுற்றும்.

சும்மா ஐந்து நிமிடம் நிறுத்த சைடு ஸ்டாண்டு போதும். செயினுக்கு எண்ணெய் போடவும், பஞ்சர் ஒட்டவும் பெரிய ஸ்டாண்டு வேண்டும். வண்டியில் சுமை கட்டும்போது அது கட்டாயம் வேண்டும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தூக்க வேண்டாம், மிதியுங்கள்

மெக்கானிக் தம்பி முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, சுரங்கத்தில் பெரிய பாறையை எப்படி நகர்த்துவீர்கள்? கட்டிப் பிடித்துத் தூக்குவீர்களா?"

மாமா சிரித்துவிட்டார். "அதை எவன் தூக்குவான்? கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்ப வேண்டியதுதான்."

"ஸ்டாண்டும் அந்தக் கடப்பாரைதான் அண்ணே. நீங்கள் வண்டியைக் கையால் தூக்கப் பார்க்கிறீர்கள். காலால் நெம்புங்கள்."

மாமாவின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். அவருக்குப் பாதி விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. நான் கரும்பலகையில் 'நெம்பு' என்று எழுதினேன். எல்லோரும் படித்தார்கள்.

ஸ்பிளெண்டர் போன்ற சிறிய மோட்டார் சைக்கிள் சுமார் 112 கிலோ இருக்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. இதைக் கையால் தூக்க முயன்றால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஸ்டாண்டில் ஏற்றும்போது முழு வண்டியும் மேலே வருவதில்லை. வண்டி பின்னால் உருண்டு, கொஞ்சம் உயர்ந்து, ஸ்டாண்டின் மேல் உட்காருகிறது. அதற்கு உங்கள் உடம்பின் எடையே உதவும்.

முதலில் இடத்தைப் பாருங்கள். தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். ஈர மண்ணில் ஸ்டாண்டு புதையும். வெயிலில் இளகிய தாரிலும் புதையும். அப்படி இருந்தால் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் அகலமான பலகை ஒன்றைப் போடுங்கள். சரிவான இடத்தில் வேண்டாம். வேறு வழி இல்லையென்றால் வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் வண்டி ஸ்டாண்டை விட்டு முன்னால் ஓடிவிடும்.

உங்கள் காலையும் பாருங்கள். ரப்பர் செருப்பு வழுக்கும். மாமாவுக்கு நகம் போனது அதனால்தான். ஷூ நல்லது. குறைந்தது வார் வைத்த செருப்பாவது போடுங்கள். வேட்டியை மடித்துக் கட்டுங்கள். பெண்கள் முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

இன்ஜினை நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஹேண்டில் பூட்டைத் திறந்து ஹேண்டிலை நேராக வையுங்கள். வண்டியின் இடப்பக்கம், வண்டியைப் பார்த்து நில்லுங்கள். இடது கை ஹேண்டிலின் இடது பிடியில். வலது கை பின் சீட்டுக்கு அருகே உள்ள கம்பியில். வண்டியை மெதுவாக நிமிர்த்துங்கள். பிரேக்கைப் பிடிக்காதீர்கள். பிரேக் பிடித்தால் வண்டி பின்னால் உருளாது.

இப்போது வலது காலால் ஸ்டாண்டின் மிதியை அழுத்துங்கள். ஸ்டாண்டு கீழே இறங்கித் தரையைத் தொடும். அவசரப்படாதீர்கள். இரண்டு காலும் தொட்டிருக்கிறதா? இதுதான் முக்கியம். வண்டியை இப்படியும் அப்படியும் இம்மி அசைத்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் தொட்டிருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே மிதித்தால் விழும். இரண்டும் தொட்டால் வண்டி தானாகவே நேராகிவிடும். அந்த உறுதி கைக்கே தெரியும்.

பிறகு ஒரே மிதி. மாடிப்படி ஏறுவதுபோல, உடம்பின் முழு எடையும் வலது காலில் இறங்க வேண்டும். முதுகை வளைக்க வேண்டாம். வலது கை வண்டியைக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் மேலே இழுத்தால் போதும். 'டக்' என்று வண்டி ஏறி நிற்கும்.

மாமா முதல் தடவை பாதியில் விட்டுவிட்டார். பயம். இரண்டாம் தடவை ஏறியது. மூன்றாம் தடவை யாரும் சொல்லாமலே இறக்கி மறுபடி ஏற்றினார். எங்கள் மையத்தில் ஒரு அக்கா ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். அவரும் செய்து பார்த்தார். ஸ்கூட்டருக்கும் இதே முறைதான்.

இவ்வளவு செய்தும் ஏறவில்லையா? பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு விரல் தடிமனுள்ள ஒடுக்கமான பலகையை வையுங்கள். வண்டியை அதன்மேல் உருட்டி நிறுத்துங்கள். ஸ்டாண்டின் கால்கள் மட்டும் தரையில் படட்டும். ஏறவேண்டிய உயரம் இப்போது குறைந்துவிட்டது. குட்டையானவர்களுக்கு இது பெரிய உதவி. பின் டயரில் காற்று இல்லாதபோதும் இப்படிச் செய்யலாம். காற்று இறங்கினால் வண்டி தாழ்ந்துவிடும். அப்போது ஸ்டாண்டு போடுவது கடினம்.

ஸ்டாண்டு துருப்பிடித்து இருந்தாலும் கடினம்தான். அதன் ஆணிக்குக் கிரீஸ் வையுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஓடும்போது ஸ்டாண்டு தொங்கித் தரையில் இடித்தால் ஆபத்து.

சுமை ஏற்றும்போது

மாமா வண்டியில் இரண்டு பால் கேன்கள். பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 20 லிட்டர். ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். கேனின் எடையையும் சேர்த்தால் பின்னால் 40 கிலோவுக்கு மேல் தொங்குகிறது. இந்தச் சுமையோடு பெரிய ஸ்டாண்டு போடத்தான் மாமா தினமும் போராடியிருக்கிறார். தெம்பு இல்லை என்று தன்னையே திட்டிக்கொண்டும் இருந்திருக்கிறார்!

சரியான முறை இதுதான். காலி வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றுங்கள். அதன் பிறகு சுமையை மாட்டுங்கள். வீடு திரும்பியதும் சைடு ஸ்டாண்டு போட்டுச் சுமையை இறக்குங்கள். பிறகு வேண்டுமானால் பெரிய ஸ்டாண்டு.

சைடு ஸ்டாண்டில் இறக்கும்போது வரிசை முக்கியம். முதலில் வலது பக்கச் சுமையை எடுங்கள். பிறகு இடது. ஏன்? வண்டி இடப்பக்கம் சாய்ந்து ஸ்டாண்டின்மேல் நிற்கிறது. இடது கேனை முதலில் எடுத்தால் வலது கேன் வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். அந்தப் பக்கம் தாங்குவதற்கு ஸ்டாண்டு கிடையாது. ஒரு கன்றுக்குட்டி உரசினாலும் போதும். விழுந்துவிடும். ஏற்றும்போது இதற்கு மாறாகச் செய்ய வேண்டும். முதலில் இடது, பிறகு வலது.

மாமா தெருத் தெருவாக இடது கேனிலிருந்தே ஊற்றிக்கொண்டு போவார். அது காலியாகும். வலது கேன் நிறைந்தே இருக்கும். அன்று அவர் சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டுப் பெரிய ஸ்டாண்டு போடப் போனார். செருப்பு வழுக்கியது. வண்டி வலப்பக்கம் போய்விட்டது. இப்போது அவர் இரண்டு கேனிலிருந்தும் மாற்றி மாற்றி ஊற்றுகிறார். கேன்களில் சுண்ணாம்பால் 'வலது', 'இடது' என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். 'இடது' என்பதில் 'ட' கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. இருக்கட்டும்.

இறக்கும்போது இடப்பக்கம் நின்று இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் தரையைத் தொட்டதும் வண்டி ஓடப் பார்க்கும். வலது கை முன் பிரேக்கில் தயாராக இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது கியரைப் போட்டு ஸ்டாண்டிலிருந்து குதிக்க வைப்பது சில இளைஞர்களின் வேடிக்கை. அதைப் பார்த்துப் பழகாதீர்கள். கிளம்பும் முன் சைடு ஸ்டாண்டையும் பாருங்கள். மடக்காமல் ஓட்டினால், இடப்பக்கம் திரும்பும்போது அது சாலையில் இடித்து ஆளைக் கவிழ்க்கும். புதிய வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் ஓடாது. பழைய வண்டிகளில் நாம்தான் பார்க்க வேண்டும்.

சில வண்டிகளுக்குப் பெரிய ஸ்டாண்டே இல்லை. மெக்கானிக் கடையில் அதற்குத் தனி ஸ்டாண்டு உண்டு. பின்சக்கரத்தின் பின்னாலிருந்து கொடுத்து, அதன் பிடியைக் கீழே அழுத்துவார்கள். சைடு ஸ்டாண்டை எடுக்காமலே இதைக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கை வண்டியை விடவே கூடாது. பழகும்வரை மறுபக்கம் ஒருவர் நிற்பது நல்லது.

விழுந்துவிட்டால்

சாயத் தொடங்கும்போதே நிமிர்த்த முடிந்தால் நிமிர்த்துங்கள். பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடிக்காதீர்கள். விட்டுவிட்டு விலகுங்கள். கண்ணாடி உடைந்தால் வாங்கலாம். மறுபக்கம் ஓடிப்போய்த் தாங்கவும் பார்க்காதீர்கள். பல வண்டிகளுக்குச் சூடான சைலன்சர் வலப்பக்கம்தான் இருக்கிறது. சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். மை, பற்பசை எதுவும் தடவாதீர்கள்.

விழுந்த வண்டியைத் தூக்கும் முன் இன்ஜினை நிறுத்துங்கள். பெட்ரோல் குழாயை மூடும் திருகு இருந்தால் மூடுங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலில் விரித்துவிடுங்கள். உருளாமல் இருக்க ஒரு கியரில் போடுங்கள். பிறகு சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டிலில். மறு கை சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியில். முதுகு நேராக இருக்கட்டும். கால்களை ஊன்றி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். வண்டி உங்கள் முதுகோடு எழுந்து வரும். நிமிர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். வேகமாகத் தள்ளினால் மறுபக்கம் விழும். பெட்ரோல் வாடை போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பக்கத்தில் யாரையும் பீடி பற்றவைக்க விடாதீர்கள்.